தளர்ந்தவர்க்கே வலிமை வேண்டும்

பசித்தவனுக்குச் சோறு வேண்டும். கல்லாதவனுக்குக் கல்வி வேண்டும். தளர்ந்தவனுக்கு வலிமை வேண்டும். முதலிரண்டையும் மறுப்பார் எவருமிலர். மூன்றாவதைச் சொன்னால் மட்டும் நம்மவர் நகைக்கின்றனர். "வலிமைப் பயிற்சியா? அதெல்லாம் உடற்கட்டுள்ள இளைஞர்களின் வேலை, நமக்கெதற்கு?" என்கின்றனர். வயிறு நிறைந்தவனுக்கே பந்தியில் இடம் என்று சொல்லும் வீடு எங்கேனும் உண்டா? ஆயினும் உடல் வலிமையைப் பொறுத்தமட்டில் நாம் அந்த விந்தையான விருந்தைத்தான் நடத்தி வருகிறோம். வலுத்தவன் மேலும் வலுக்கிறான். தளர்ந்தவன் வாயிலோடு திரும்புகிறான்.

இக்கட்டுரை அந்தத் தளர்ந்தவருக்காக வழக்காடுகிறது. நாற்பதைக் கடந்தவர், தொந்தி சரிந்தவர், இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சிரைப்பவர், தரையில் அமர்ந்தால் கையூன்றாமல் எழ இயலாதவர் ஆகியோரே வலிமைப் பயிற்சிக்கு முதல் உரிமை உடையவர்கள். அதைத் தொடங்குவதற்கு ஏற்ற இடமும் அவரவர் வீடேயாகும்.

வலிமையை ஒரு காட்சிப்பொருளாகவே காணும் பழக்கம் நம்மிடம் நெடுநாளாக உண்டு. தென் தமிழகத்துச் சிற்றூர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்டியவனை ஊரே வியந்தது. 1925இல் மறைந்த யூஜின் சாண்டோ என்னும் பளுதூக்கும் வித்தகரின் பெயர் நம்மிடையே ஒரு பட்டமாகவே மாறியது; படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னும் அது ஒட்டிக்கொண்டது. வியந்ததில் தவறில்லை. ஆனால், வியந்து நின்ற கூட்டம் தன் கைகால்களைப் பற்றி ஒரு கணமும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கல்லை முதல் நாளிலேயே தூக்கியவன் ஒருவனும் இல்லை என்பதும் அதற்குத் தோன்றவில்லை.

நம் நிலை என்ன? மலேசிய சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியவர்களுள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இந்தியர்களிடையே அது 63.9 விழுக்காடு. நீரிழிவு நாடு முழுமைக்கும் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர்! வேறு எதில் பின்தங்கினாலும் இந்தப் பட்டியலில் முதலிடம் நமக்குத்தான். திருமண மண்டபத்தில் இனிப்பு வாங்கும் வரிசையையும், மருத்துவமனையில் மருந்து வாங்கும் வரிசையையும் பார்த்தவர்களுக்கு இவ்வெண்கள் புதிதல்ல. கால்விரலை இழந்தவர், பார்வை மங்கியவர், வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவர் என்று சுற்றத்தாருள் ஒருவரையேனும் சுட்டிக்காட்ட இயலாத குடும்பம் நம்மில் எத்தனை?

இந்நோய்க்குக் காரணங்கள் பல. பரம்பரை உண்டு, உணவு உண்டு, வறுமை உண்டு. அவற்றோடு, பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. அது தசையின் தேய்வு. நாம் உண்ணும் மாவுப்பொருள் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் சுரந்ததும் அச்சர்க்கரையின் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும் களஞ்சியம் எலும்போடு பிணைந்த தசையே. களஞ்சியம் சுருங்கினால் நெல் தெருவில் கிடக்கும். தசை சுருங்கினால் சர்க்கரை இரத்தத்தில் தங்கும். முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு ஒருமுறை 3 முதல் 8 விழுக்காடு தசை குறைகிறது என்பது மருத்துவ உலகின் பொதுவான மதிப்பீடு. அறுபதுக்குப்பின் அதன் வேகம் கூடுகிறது. இத்தேய்வைத் தடுக்கவும் இழந்ததில் ஒரு பகுதியை மீட்கவும் நம் கையில் உள்ள சிறந்த கருவி, தசைக்குச் சுமை கொடுத்துப் பழக்கும் பயிற்சியேயாகும்.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். அவர்தம் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"எங்கள் தாத்தா எந்தப் பயிற்சி செய்தார்? உழைப்பே உடற்பயிற்சி" என்பது முதல் வாதம். உண்மைதான், விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் மரம் மரமாக நடந்து, பால் வாளிகளைத் தோளில் சுமந்தவர் அவர். அவருடைய தோட்டம் இன்று எங்கே? பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல செம்பனைக் காடுகளாயின. பல வீடமைப்புத் திட்டங்களாயின. பேரன் பட்டணத்து அடுக்குமாடியில் வாழ்கிறான். பாரவண்டி ஓட்டுகிறான், காவல் பணியில் நிற்கிறான், கணினிமுன் அமர்கிறான். தாத்தாவின் வேலை போய்விட்டது. தாத்தாவின் தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. மேலும், பன்னிரண்டு மணிநேரம் நிற்பதாலும் அமர்வதாலும் உடல் களைக்குமேயன்றி வலுக்காது. உழைப்பு முதலாளியின் தேவைக்கேற்ப உடலைச் செலவழிக்கிறது. பயிற்சி உடலின் தேவைக்கேற்ப அதை வளர்க்கிறது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவது செலவையும் சேமிப்பையும் ஒன்றெனக் கருதுவது போலாகும்.

"நடந்தால் போதாதா?" என்பது இரண்டாம் வாதம். நடை நன்று, அதை விடவேண்டியதில்லை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது தோழன். ஆனால் சமதரையில் நடப்பதால் தோளும் முதுகும் கையும் வலுவடைவதில்லை. தொடைக்கும் அது ஓரளவுக்குமேல் சுமை தருவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபடவேண்டும் என்றதோடு நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளுக்குக் குறையாமல் உடலின் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்று தனியே சுட்டியது. முதற்பாதியை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடிவிட்டோம் நாம்.

"வயதாகிவிட்டதே!" என்பது மூன்றாம் வாதம். 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்குத் தக்க மேற்பார்வையோடு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி அளித்தனர். முடிவுவரை நிலைத்த ஒன்பது பேரின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொண்ணூறு வயதுக் கால்கள் வலுப்பெற்ற பின்னர், நாற்பத்தைந்து வயதுக்காரர் முதுமையைச் சாக்குச் சொல்வது முறையாகுமா?

"பெண்களுக்கு எதற்கு?" என்பது நான்காம் வாதம். நான்கனுள் இதுவே கொடிது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தியை வேகமாக இழப்பவள் பெண். படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தூக்கி அமர்த்துபவளும், பேரப்பிள்ளையை இடுப்பில் சுமப்பவளும், சந்தைப் பையோடு படியேறுபவளும் அவளே. தூக்கும் வேலையெல்லாம் அவளுக்கு. தூக்கும் ஆற்றல் மட்டும் ஆணுக்கா? பயிற்சி செய்தால் உடல் ஆண்மைத் தோற்றம் கொள்ளும் என்ற அச்சமும் வீண். போட்டியாளர்கள் அத்தகைய உடலைப் பெற ஆண்டுக்கணக்கில் கடும் பயிற்சியும் தனி உணவும் மேற்கொள்கின்றனர். வாரத்தில் ஒன்றரை மணிநேரத்தில் அது தற்செயலாக வந்து ஒட்டிக்கொள்ளாது. வீட்டிலேயே பயிற்சி என்பதன் நன்மையை முதலில் துய்க்க வேண்டியவள் இல்லத்தரசி. அந்த அரைமணி நேரம் அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வது கணவனின் கடமை.

பணமில்லை என்பது மட்டுமே பரிவோடு கேட்கத்தக்க வாதம். பயிற்சிக் கூடத்தின் மாதக் கட்டணம் எல்லாருக்கும் எட்டுவதன்று. அங்கே நாற்புறமும் கண்ணாடி, சுற்றிலும் கட்டுடல்கள், நடுவே கூனிக் குறுகி நிற்கும் புதியவர். ஒரு மாதத்தில் அவர் நின்றுவிடுகிறார். கட்டணம் மட்டும் நிற்பதில்லை. மறுபுறம், முப்பதே நாளில் மூவுலகும் வியக்கும் உடல் என்று கைத்தொலைபேசித் திரையில் கூவுகின்றனர் வணிகர். இவ்விருவரும் புதியவருக்கு மறைக்கும் உண்மை ஒன்றுண்டு. தொடக்கநிலையில் உள்ள உடலுக்கு மிகச் சிறிய சுமையே போதும். அச்சுமை வீட்டில் விலையின்றிக் கிடைக்கிறது.

ஐந்து அசைவுகள் போதும். ஒன்று, சுவரோடு ஒட்டிய உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கையூன்றாமல் எழுந்து மீண்டும் அமர்தல். பிள்ளையார்முன் பக்தியோடு போட்டதும், வகுப்பறையில் தண்டனையாகப் பெற்றதுமான தோப்புக்கரணத்தின் முதற்படியே இது. இரண்டு, சுவரில் இரு கைகளையும் ஊன்றி, உடலை வளைக்காமல் சாய்ந்து, தள்ளி நிமிர்தல். தரையில் போடும் தண்டாலின் தம்பி இது. மூன்று, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் பொருள் நிறைந்த பையை இடுப்பை நோக்கி இழுத்தல். நான்கு, மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை உயர்த்தி இறக்குதல். ஐந்து, இரு கைகளிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடத்தல். ஒன்றரை லிட்டர் நீர்ப்புட்டி ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடை. ஐந்து கிலோ அரிசிப்பை அடுக்களையிலேயே இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

முதல் நான்கையும் எட்டு முறை செய்து, ஓரிரு நிமிடம் இளைப்பாறி, இன்னொரு சுற்றுச் செய்யலாம். ஐந்தாவதற்குச் சுற்றுக்கு அரை நிமிடம் போதும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் செய்து, இடையே ஒரு நாளேனும் ஓய்வளிக்க வேண்டும். தூக்கும்போதும் தள்ளும்போதும் மூச்சை வெளியே விடவேண்டும். அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய இயலும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடலாம். பன்னிரண்டு முறை எளிதானபின் சுவரைவிட்டு மேசை விளிம்புக்கு இறங்கலாம். நாற்காலியைவிடத் தாழ்ந்த முக்காலியைத் தேடலாம். பையில் ஒரு கிலோ கூட்டலாம். படிப்படியாகச் சுமை கூட்டும் இந்த ஏற்பாடே இக்கலையின் சாரம்; பிறவெல்லாம் அலங்காரம்.

'மருந்து' எனும் 95ஆம் அதிகாரத்தில் திருவள்ளுவர் பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றியே பேசினார். அளவறிதலே மருந்து எனும் அந்நெறி பயிற்சிக்கும் பொருந்தும். வலித்தால்தான் பலன் என்று முழங்குவோரை நம்ப வேண்டா. முதற் சில நாள்களில் தசை நோவது இயல்பு. பெரும்பாலும் மூன்று நாளில் அது தணியும். மூட்டில் குத்தும் வலியோ, நெஞ்சில் அழுத்தமோ, தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சு அழுத்தம் தணியாவிட்டால் மருத்துவ உதவியை நாடத் தயங்கக்கூடாது. இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், நீரிழிவால் வந்த கண் பாதிப்பு ஆகியவை உடையோர் மருத்துவரைக் கேட்டபின்னரே தொடங்க வேண்டும். இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் எடுத்துக்கொள்வோருக்குப் பயிற்சியால் சர்க்கரை அளவுக்குமேல் தாழலாம். அதையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளட்டும். மருத்துவரைக் கேட்பது தொடங்குவதற்கான வழியாகட்டும். தள்ளிப்போடுவதற்கான சாக்காக வேண்டா.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதற்சில வாரங்களில் கண்ணாடியில் மாற்றம் தெரியாது. எடைப்பொறியின் முள்ளும் அசையாமலிருக்கலாம். அக்காலத்து வலிமை பெரும்பாலும் நரம்புகளின் தேர்ச்சியால் வருவது. தசை பின்னரே பருக்கும். எனவே வயிற்றைப் பார்த்து அளக்காமல், செயலைப் பார்த்து அளப்பதே அறிவுடைமை. சென்ற மாதம் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தவர் இம்மாதம் பிடிக்காமல் எழுகிறாரா? அதுவே தேர்ச்சி, அதுவே வெற்றி.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இளைஞர்க்குக் காற்பந்துப் போட்டி நடத்துகிறோம். முதியோர்க்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இவ்விருவருக்கும் இடையிலுள்ள பெருங்கூட்டத்துக்கு என்ன செய்தோம்? ஆண்டுக்கொரு இரத்தப் பரிசோதனை முகாமில், "சர்க்கரை கூடியிருக்கிறது" என்று சீட்டெழுதிக் கொடுத்து அனுப்புவதோடு கடமை முடிந்ததா? அதே முகாமின் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு, எழுந்து அமரும் முறையை ஐந்து நிமிடம் கற்றுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சீட்டைத் தொலைப்பவர்கூடக் கற்றதை வீட்டுக்குக் கொண்டுபோவார்.

தளர்ந்தவர் தம் தளர்ச்சிக்காக நாணவேண்டியதில்லை. வாழ்வும் தொழிலும் மாறிய வேகத்துக்கு உடல் கொடுத்த விலை அது. மீட்கும் வழி தெரிந்தபின்னும் வாளாவிருப்பதற்கே நாம் நாணவேண்டும். நல்ல நாள் பார்க்க வேண்டா. புதிய உடையும் வேண்டா. இன்று மாலையே ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எட்டு முறை எழுந்து அமருங்கள். எட்டு இயலாவிட்டால் மூன்று போதும். நாளை மறுநாள் நான்காகட்டும்.