முதலில் தெரிவு செய்யப்பட வேண்டியவர் பந்தைப் பிடிப்பவரா, காவல் நிற்பவரா?

அமெரிக்கக் காற்பந்து இரசிகர்கள் மத்தியில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் மாதத்தில் தவறாமல் மூளுகின்ற விவாதம் ஒன்று இருக்கிறது. தங்களது அணி தனது முதலாவது தெரிவை ஓடிச்சென்று பந்தைப் பிடிக்கின்ற ரிசீவர் ஒருவருக்காகப் பயன்படுத்த வேண்டுமா அல்லது முன்வரிசையில் காவல் நிற்கின்ற பருத்த உடல்வாகு கொண்ட வீரர் ஒருவருக்காகப் பயன்படுத்த வேண்டுமா என்பதே அந்த விவாதம். பலவீனமான முன்வரிசையைக் கொண்டிருக்கும் அணியொன்று எத்தகைய ரிசீவரை எடுத்தாலும் அது இறுதியில் நட்டத்திலேயே முடியும் என்பதே எனது அபிப்பிராயம்.

இந்த விளையாட்டில் பரிச்சயம் இல்லாத வாசகர்களுக்காகச் சில அடிப்படைகளைச் சொல்லவேண்டும். நாம் உதைபந்தாட்டம் என்று அழைக்கும் விளையாட்டு வேறு, இது வேறு. இங்கு பந்து பெரும்பாலும் கைகளினாலேயே கையாளப்படுகிறது. குவாட்டர்பேக் எனப்படும் வீரர் பின்னால் நின்று பந்தை வீசுகிறார். தொலைவில் ஓடுகின்ற ரிசீவர் அதைப் பிடிக்கிறார். பந்தை வீசுவதற்குக் குவாட்டர்பேக்குக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டரை அல்லது மூன்று விநாடிகள் மாத்திரமே. அந்த விநாடிகளைப் பெற்றுக்கொடுப்பவர்கள் அவருக்கு முன்னால் நிற்கின்ற ஐவர். அவர்களே முன்வரிசை. முன்னோக்கி வீசப்படும் பந்தைப் பிடிப்பதற்குக் கூட விதிகள் அவர்களைச் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. எதிரணியினர் குவாட்டர்பேக்கின் மீது பாயாமல் தடுப்பதே அவர்களது பணி.

தேசிய காற்பந்து லீக்கின் 32 அணிகளும் பல்கலைக்கழக வீரர்களைத் தெரிவு செய்யும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்தைப் போன்று பணத்தைக் கொட்டி வீரர்களைப் பெறுவதற்கு இங்கு இடமில்லை. முன்னைய பருவத்தில் படுமோசமாக விளையாடிய அணிக்கு முதலாவது தெரிவும் சம்பியனான அணிக்கு இறுதித் தெரிவும் கிடைக்கின்றன. மொத்தம் 7 சுற்றுகள். தோல்வியடைந்த அணிக்கு ஆறுதலாக வழங்கப்படுகின்ற இந்தச் சலுகையை வருடக்கணக்கில் விரயம் செய்த ஓர் அணியின் கதையில் இருந்துதான் இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள முடியும்.

டெட்ரோய்ட் லயன்ஸ் அணியின் நிர்வாகத் தலைமை 2001ஆம் ஆண்டு மாட் மில்லனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தனது முதலாவது டிராஃப்டில் முன்வரிசைக்கென்று இருவரை எடுத்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2002இல் ஜோய் ஹரிங்டன் என்ற குவாட்டர்பேக்கை மூன்றாவது தெரிவில் எடுத்தார். அதற்குப் பிறகுதான் பிரச்சினை ஆரம்பித்தது. 2003இல் இரண்டாவது தெரிவில் சார்ள்ஸ் ரோஜர்ஸ், 2004இல் ஏழாவது தெரிவில் ரோய் வில்லியம்ஸ், 2005இல் பத்தாவது தெரிவில் மைக் வில்லியம்ஸ் என்று அடுத்தடுத்து மூன்று வருடங்கள் முதற்சுற்றில் ரிசீவர்களே தெரிவு செய்யப்பட்டனர். ஒரு வருட இடைவெளியின் பின்னர் 2007இல் இரண்டாவது தெரிவில் கல்வின் ஜோன்சன் வந்து சேர்ந்தார். ஐந்து வருடங்களில் நான்கு முதற்சுற்று ரிசீவர்கள்! மில்லனின் காலத்தில் அணி 31 போட்டிகளில் மாத்திரம் வென்று 84 போட்டிகளில் தோற்றது. 2008 செப்டெம்பரில் அவர் பதவி நீக்கப்பட்டார். அந்தப் பருவத்தில் லயன்ஸ் விளையாடிய 16 போட்டிகளிலும் தோல்வி கண்டது.

இதிலிருந்து வழமையாகப் பெறப்படுகின்ற பாடம், மில்லன் தவறான ரிசீவர்களைத் தெரிவு செய்தார் என்பதே. ரோஜர்ஸுக்கு அடுத்ததாக மூன்றாவது தெரிவில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் எடுத்த அன்ட்ரே ஜோன்சன் 2024இல் இந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். மைக் வில்லியம்ஸுக்கு அடுத்ததாக டலஸ் கவ்போய்ஸ் எடுத்த டிமார்கஸ் வெயார் என்ற தற்காப்பு வீரரும் 2023இல் அந்தக் கௌரவத்தைப் பெற்றார். எனவே, சரியான ஆளை அடையாளம் காணும் கண் மில்லனுக்கு இருக்கவில்லை என்று வாதிடுவது சுலபம். ஆனால், இந்தப் பாடம் அரைகுறையானது.

காரணம், சரியான ஆளை எடுத்த ஹூஸ்டனின் கதி என்ன? அந்த அணி 2002இல் டிராஃப்டின் முதலாவது தெரிவில் டேவிட் கார் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. அவர் தனது அறிமுகப் பருவத்தில் பந்தை வீசுவதற்கு முன்னரே 76 தடவைகள் வீழ்த்தப்பட்டார். ஒரு பருவத்தில் எந்தவொரு குவாட்டர்பேக்கும் அதற்கு முன்னர் அத்தனை தடவைகள் வீழ்த்தப்பட்டதில்லை. மறுவருடம் அவருக்குத் துணையாக அன்ட்ரே ஜோன்சன் என்ற மகத்தான ரிசீவர் வந்தார். ஆனாலும் 2005இல் கார் மேலும் 68 தடவைகள் வீழ்த்தப்பட்டார். அணி இரு போட்டிகளில் மாத்திரமே வென்றது. ஹூஸ்டனில் ஐந்து பருவங்களில் 249 தடவைகள் தரையில் சாய்க்கப்பட்ட பிறகு 2007இல் அவர் விடுவிக்கப்பட்டார். அன்ட்ரே ஜோன்சன் முதன்முதலாக பிளே-ஓஃப் சுற்றைக் கண்டது 2011 பருவத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் ஹூஸ்டன் தனது முன்வரிசையைத் திருத்தியமைத்திருந்தது. 2008இல் முதற்சுற்றில் டுவேன் பிரவுன் என்ற காவல் வீரர் எடுக்கப்பட்டதும் அதில் அடங்கும்.

டெட்ரோய்ட்டிலும் கூட மில்லனின் இறுதி ரிசீவர் தெரிவு மிகவும் சரியானது. கல்வின் ஜோன்சனை விடச் சிறந்த ரிசீவர்கள் ஒருசிலரே இருக்கமுடியும். 2012 பருவத்தில் அவர் 1,964 யார் தூரத்துக்குப் பந்தைப் பிடித்து அதுவரை எவரும் எட்டாத சாதனையைப் படைத்தார். அந்தப் பருவத்தில் அணியின் வெற்றிகள் நான்கு; தோல்விகள் பன்னிரண்டு. ஒன்பது பருவங்களில் அவர் இரு பிளே-ஓஃப் போட்டிகளில் மாத்திரமே விளையாடினார். இரண்டிலும் தோல்வி. அந்தத் தோல்விகளுக்கு முன்வரிசையை மாத்திரம் குறைகூற முடியாது. ஆனால், ஒரு ரிசீவர் எவ்வளவு உயர்ந்தவராக இருந்தாலும் அவரால் ஓர் அணியைத் தூக்கி நிறுத்த முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எனது வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிகவும் வலுவான உதாரணத்தையும் வாசகர்கள் முன்வைக்காமல் நகர முடியாது. சின்சினாட்டி பெங்கல்ஸ் அணி 2020இல் முதலாவது தெரிவில் ஜோ பரோ என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. அந்த வருடம் நவம்பரில் வாஷிங்டனுக்கு எதிரான போட்டியில் அவரது இடது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. 2021 டிராஃப்டில் ஐந்தாவது தெரிவு அந்த அணியின் கையில் இருந்தது. ஒருபுறம் பெனே சூவல் என்ற காவல் வீரர். மறுபுறம் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பரோவுடன் சேர்ந்து விளையாடிய ஜமார் சேஸ் என்ற ரிசீவர். முழங்காலை இழந்த குவாட்டர்பேக்குக்குக் காவலனைக் கொடுங்கள் என்று பலரும் கூறினர். பெங்கல்ஸ் சேஸைத் தெரிவு செய்தது.

சேஸ் முதற்பருவத்திலேயே 1,455 யார் தூரமும் 13 டச்டவுன்களும் குவித்தார். பெங்கல்ஸ் சுப்பர் போல் இறுதிப் போட்டிக்கே சென்றது. காவலனைக் கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். சேஸை எடுத்ததற்குப் பொருளாதார ரீதியான நியாயம் ஒன்றும் உண்டு. 2011ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து புதிய வீரர்களின் சம்பளம் அவர்கள் எடுக்கப்பட்ட இலக்கத்தைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. சேஸின் முதலாவது நான்கு வருட ஒப்பந்தத்தின் பெறுமதி சுமார் 30 மில்லியன் டொலர்கள். 2025 மார்ச்சில் அவர் செய்துகொண்ட நான்கு வருட ஒப்பந்தத்தின் பெறுமதி 161 மில்லியன் டொலர்கள். சந்தையில் இவ்வளவு விலை போகின்ற ஒருவரை டிராஃப்டில் மலிவாகப் பெற்றுக்கொள்வது கெட்டித்தனம் அல்லவா என்று கேட்கிறார்கள். இது அலட்சியம் செய்யக்கூடிய வாதம் அல்ல.

ஆனால், அந்தப் பருவத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். பரோ வழமையான போட்டிகளில் 51 தடவைகள் வீழ்த்தப்பட்டார். டெனஸி அணிக்கு எதிரான பிளே-ஓஃப் போட்டியில் மாத்திரம் ஒன்பது தடவைகள். 2022 பெப்ரவரியில் நடைபெற்ற சுப்பர் போல் போட்டியில் ஏழு தடவைகள். அந்தப் போட்டியில் லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் 23-20 என்ற புள்ளிக்கணக்கில் முன்னணியில் இருந்தபோது பெங்கல்ஸின் இறுதி வாய்ப்பு வந்தது. சேஸ் தன்னைக் காவல் செய்தவரைக் கடந்து தொலைவில் தனித்து ஓடிக்கொண்டிருந்தார். அவரை நோக்கிப் பந்தை வீசுவதற்குப் பரோவுக்கு நேரம் இருக்கவில்லை. ராம்ஸின் ஆரன் டொனால்ட் முன்வரிசையை உடைத்துக்கொண்டு அவரைச் சுற்றிப் பிடித்துவிட்டார். ஐந்தாவது தெரிவின் பெறுமதி முழுவதும் களத்தின் மறுகோடியில் இருந்தும் பயனில்லாமல் போன கணம் அது.

அடுத்துவந்த வருடங்களில் பெங்கல்ஸ் சந்தையில் பணம் கொடுத்து முன்வரிசை வீரர்களைச் சேர்க்கவேண்டியதாயிற்று. 2024இல் சேஸ் 127 பந்துகளைப் பிடித்து, 1,708 யார் தூரமும் 17 டச்டவுன்களும் பெற்று மூன்று பட்டியல்களிலும் முதலிடத்தில் நின்றார். தற்காப்பு பலவீனமாக இருந்த அவரது அணி பிளே-ஓஃப் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை.

அதே 2021 டிராஃப்டில் சூவலை ஏழாவது தெரிவில் எடுத்தது வேறு எந்த அணியும் அல்ல, டெட்ரோய்ட் லயன்ஸ்தான். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த பிராட் ஹோம்ஸின் முதலாவது தெரிவு அது. ரிசீவர் பற்றாக்குறை இருந்தும் அவர் முதலில் காவலனையே எடுத்தார். பின்னர் நான்காவது சுற்றில் 112ஆவது தெரிவாக அமோன்-ரா சென்ட் பிரவுன் என்ற ரிசீவரைப் பெற்றார். அவருக்கு முன்னர் 16 ரிசீவர்கள் எடுக்கப்பட்டிருந்தனர். அந்தப் பதினாறு பெயர்களையும் அவர் மனனம் செய்து வைத்திருப்பதாகக் கூறுவதுண்டு. 2024 ஏப்ரலில் சூவலுக்கு 112 மில்லியன், சென்ட் பிரவுனுக்கு 120 மில்லியன் டொலர்கள் என்று ஒரே நாளில் புதிய ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டன.

முதற்பருவத்தில் லயன்ஸுக்குக் கிடைத்தவை மூன்று வெற்றிகளே. பெங்கல்ஸ் சுப்பர் போல் ஆடிக்கொண்டிருந்தபோது டெட்ரோய்ட் இரசிகர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால், 2023 பருவத்தில் லயன்ஸ் 1993க்குப் பிறகு முதற்தடவையாகத் தனது பிரிவில் முதலிடம் பெற்றது. சுமார் 32 வருடங்களின் பின்னர் பிளே-ஓஃப் வெற்றியையும் கண்டது. 2024 பருவத்தில் 15 வெற்றிகள். ஹோம்ஸ் ரிசீவர்களுக்கு எதிரானவரும் அல்ல. முன்வரிசை உறுதியான பிறகு 2022இல் பன்னிரண்டாவது தெரிவுக்கு முன்னேறி ஜேமிசன் வில்லியம்ஸை எடுத்தார். மில்லனும் ரிசீவர்களை எடுத்தார், ஹோம்ஸும் எடுத்தார். வேறுபாடு எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கில் இருக்கிறது.

திறமையான ரிசீவர்கள் பின்சுற்றுகளிலும் கிடைக்கிறார்கள். அன்டோனியோ பிரவுன் 2010இல் ஆறாவது சுற்றில் 195ஆவது தெரிவாக வந்தவர். பல்கலைக்கழகங்கள் பந்தை வீசி விளையாடும் பாணிக்கு மாறியதால் இந்த வகை வீரர்கள் தாராளமாக உருவாகின்றனர். 300 இறாத்தலுக்கு மேற்பட்ட எடையுடன் நடனக்காரரைப் போன்று கால் வைக்கத் தெரிந்த மனிதர்கள் அரிதாகவே பிறக்கிறார்கள்.

அப்படியிருந்தும் நிர்வாகங்கள் ஏன் ரிசீவர்களின் பின்னால் ஓடுகின்றன? ரிசீவரின் திறமை கண்ணுக்குத் தெரியும். காவலனின் தவறு மாத்திரமே தெரியும். பத்திரிகைத் துறையில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு இது புதிய விடயம் அல்ல. பெயர்பெற்ற பத்தி எழுத்தாளர்களைப் பிடித்து வருவதில் அக்கறை காட்டுகின்ற நிர்வாகங்கள் உதவி ஆசிரியர்களையும் ஒப்புநோக்குபவர்களையும் பற்றி யோசிப்பது முதலாவது வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்ற பிறகுதான். வாசகர் எவரும் ஒப்புநோக்குபவரின் பெயரைப் பார்த்துப் பத்திரிகை வாங்குவதில்லை. அதேபோன்று காவலனின் பெயர் பொறித்த சீருடையும் அவ்வளவாக விற்பனையாவதில்லை.

இது வெறுமனே இரசிகர்களின் பொழுதுபோக்கு விவாதம் அல்ல. பிழையான ஒழுங்கின் விலையை நிர்வாகிகள் செலுத்துவதில்லை. இருபது வயதுகளில் இருக்கும் இளைஞர்களின் உடல்களே அதைச் செலுத்துகின்றன. சார்ள்ஸ் ரோஜர்ஸ் மிச்சிகன் மண்ணின் மைந்தர். சொந்த மாநில அணியின் மீட்பராக வரவேற்கப்பட்டவர். 2003இலும் 2004இலும் அவரது காறை எலும்பு முறிந்தது. போதைப்பொருள் விதிகளை மீறியமைக்காக 2005இல் இடைநிறுத்தப்பட்டார். 2006இல் விடுவிக்கப்பட்ட பிறகு அவர் மீண்டும் இந்த லீக்கில் விளையாடவில்லை. 2019 நவம்பரில் தனது 38ஆவது வயதில் காலமானார். அவரது வாழ்க்கையின் துயரத்துக்கு டிராஃப்ட் தெரிவொன்றைப் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. ஆனால், சரிந்துபோன அணியொன்றைத் தூக்கி நிறுத்தும் சுமையைப் பந்தைப் பிடிக்க மாத்திரமே தெரிந்த ஓர் இளைஞனின் தோளில் ஏற்றியது நிர்வாகமே.

எனவே, அடுத்த ஏப்ரலிலும் இந்த விவாதம் மூளும்போது இரசிகர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எந்த ரிசீவர் வேகமாக ஓடுகிறார் என்பதாக இருக்கக்கூடாது. எங்கள் குவாட்டர்பேக் மூன்று விநாடிகள் நின்ற இடத்தில் நிற்கமுடியுமா என்று கேட்கவேண்டும். முடியும் என்றால், தாராளமாக ரிசீவரை எடுக்கட்டும். முடியாது என்றால், மேடைக்கு அழைக்கப்படவேண்டியவர் அரங்கில் எவரும் ஆரவாரம் செய்யாத அந்தப் பருத்த மனிதரே.