கையேடு தனியாக வரலாமா?

பல்லடத்தில் நல்ல மழை பெய்தால் எங்கள் வீட்டில் முதலில் போவது இணையம்தான். போன வாரம் அப்படியொரு மாலையில் பேரனுக்குக் கணினியில் கணக்குத் தாள் சொல்லிக் கொடுத்தேன். உதவிக்கு எஃப்-1 தட்டினால் வெற்று உலாவிதான் திறந்தது. உதவிக் கோப்புகள் தனி பேக்கேஜாம், நான் நிறுவவில்லை.

பிரிப்பதே தவறென்று சொல்ல மாட்டேன். ஆவணம் பெரிதாக இருந்து, பலருக்கும் தேவைப்படாதென்றால் தனியாக வை என்பது டெபியன் லினக்ஸின் விதி. பைத்தானின் முழு ஆவணம் அங்கே அப்படித்தான் வருகிறது. சுருக்கமான 'மேன்' பக்கமோ நிரலோடு வர வேண்டும்.

நியாயம்தான். உதிரிபாகப் புத்தகம் ஆபீஸ் அலமாரியில் இருக்கலாம். ஸ்பேனர் தறியடியில்தான் இருக்க வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு எஃப்-1தான் ஸ்பேனர். கொஞ்சம் இடம் மிச்சம் பிடிக்க அதைத் தனியே எடுத்து வைப்பது சிக்கனம் இல்லைங்க.