ஐந்து குழுக்களில் அலைந்த விலைப்பட்டியல்

2022ஆம் ஆண்டு மே மாதம் எனது விற்பனைப் பிரதிநிதி ஒருவரின் சம்பளத்தில் நான் கை வைத்தேன். அதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

டொலர் எங்கே போய் நிற்கும் என்று எவருக்கும் தெரியாத காலம் அது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாவைத் தொட்டிருந்தது. நான் புறக்கோட்டையில் வயர், சுவிட்ச், பல்ப் போன்றவற்றை மொத்தமாக விற்பவன். வயர் என்றால் செம்பு, செம்பு என்றால் டொலர். ஓர் இரவு பத்தரை மணிக்குப் புதிய விலைப்பட்டியலை வட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் சிலாபம், ஆனமடுவ, நிக்கவெரட்டியப் பக்கம் போயிருந்த தம்பி 42 சுருள் வயருக்குப் பழைய விலையிலேயே ஓர்டர் எடுத்து வந்தார். சுருளுக்கு 2,200 ரூபா வித்தியாசம். மொத்தம் 92,400 ரூபா. கடைக்காரர்களுக்குச் சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்பதால் சாமான் பழைய விலைக்கே போனது.

"எனக்கு அந்த லிஸ்ட் வரவே இல்ல முதலாளி" என்றார் அவர். நான் நம்பவில்லை. மாதம் 5,000 ரூபா வீதம் கழிக்கச் சொல்லிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, கணக்குப் பார்க்கும் பிள்ளை வேறு ஏதோ தேடப் போய்தான் விடயம் வெளியே வந்தது. எங்களிடம் அப்போது ஐந்து வட்ஸ்அப் குழுக்கள் இருந்தன. கொழும்புக்கு ஒன்று, வடமேல் மாகாணத்துக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று, எல்லோருக்குமாக இன்னொன்று. தூக்கக் கலக்கத்தில் நான் கொழும்புக் குழுவில் மட்டுமே பட்டியலைப் போட்டிருக்கிறேன். அந்தத் தம்பி அந்தக் குழுவில் இல்லவே இல்லை. 15,000 ரூபாவையும் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நம்மவர்களின் நிறுவனங்களை எடுத்துப் பாருங்கள். விலை வட்ஸ்அப்பில், ஓர்டர் தொலைபேசி அழைப்பில், கடன் பாக்கி கணக்காளரின் எக்செல் கோப்பில், வாடிக்கையாளரின் இலக்கங்கள் ரெப்பின் சொந்தக் கையடக்கத் தொலைபேசியில். ஸ்டொக் நிலவரமோ ஸ்டோர்காரரின் தலைக்குள். கருவிகள் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. ஒரே விடயம் நான்கு இடத்தில் நான்கு விதமாக இருப்பதே நமது நோய். ரெப் மூன்று பேர்தானே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் அன்று இருந்தவர்கள் ஏழு பேர்தான்.

இதற்கு மருந்தாக முதலில் நான் செய்ததும் ஒரு பிழைதான். பெரிய தொகை கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கினேன். ஓர்டர், ஸ்டொக், ரெப் எங்கே நிற்கிறார் என்பது வரை எல்லாம் அதில் தெரியும் என்றார்கள். முழுவதும் ஆங்கிலம். எனது ரெப்மார்களில் நான்கு பேர் தமிழ் பேசுபவர்கள், மூன்று பேர் சிங்களச் சகோதரர்கள். இரண்டு மாதத்தில் எல்லோரும் மீண்டும் வட்ஸ்அப்புக்கே வந்துவிட்டார்கள். ரெப் நிற்கும் இடத்தை நிமிடத்துக்கு நிமிடம் பார்ப்பதிலும் எனக்கு விருப்பமில்லை. வெயிலில் அலையும் மனிதன் ஒரு மரநிழலில் கால்மணி நேரம் நின்றால் அதையும் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

பின்னர் காசு செலவில்லாமல் ஒன்று செய்தோம். விலைப்பட்டியலை ஒரேயொரு கூகிள் ஷீட்டில் வைத்தோம். அதை மாற்றும் உரிமை கணக்குப் பிள்ளைக்கு மட்டும். மற்ற எல்லோரும், நான் உட்பட, பார்க்க மட்டும்தான் முடியும். மேலே திகதி இருக்கும். அந்தத் தாளில் இல்லாத விலை, விலையே அல்ல. நான் வாயால் சொன்னாலும் செல்லாது. ஓர்டருக்கு ஒரு கூகிள் படிவம். ரெப் கடையில் நின்றபடியே நிரப்பி அனுப்பினால், நேரத்தோடு சேர்த்து அதுவே ஒரு தாளில் பதிவாகிவிடும். ஐந்து குழுக்களையும் மூடிவிட்டு ஒரே குழுவாக்கினோம். அதில் நிர்வாகி மட்டுமே செய்தி போடலாம். இவ்வசதி 2018 முதல் வட்ஸ்அப்பில் இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. காலை வாழ்த்துப் படங்களுக்கு நடுவே விலை மாற்றம் புதைந்துபோவது அத்தோடு நின்றது.

வற் வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆனது, அதே செப்டெம்பரில் 15 ஆனது, 2024 ஜனவரியில் 18 ஆனது. இந்த மூன்றாவது மாற்றத்தின்போது எங்களிடம் ஒரு பில்லும் பிழைக்கவில்லை.

ரெப்மாருக்குச் சிம் அட்டையை நிறுவனத்தின் பெயரில் எடுத்துக் கொடுங்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் வளைகுடாவுக்குப் போனாலும், எதிர்க் கடைக்குப் போனாலும், இலக்கம் நம்மிடம் இருக்கும். கடைக்காரர் அழைத்தால் அடுத்த தம்பி எடுப்பார். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கடைத் திறப்பைப் போன்றதுதான் இலக்கமும்.

வட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது அது நாட்டில் முடக்கப்பட்டது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலில் ஊரடங்கின்போதும் அதுவே நடந்தது. எனவே சனிக்கிழமை தோறும் விலைத்தாளை அச்சிட்டு ஒவ்வொரு பையிலும் ஒன்று வைக்கிறோம்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். எங்களிடம் வாப்பா காலத்திலிருந்தே வேலை செய்யும் ஒரு நானா இருக்கிறார். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அவரோடு வேனில் இரண்டு வாரம் சுற்றிக் கற்றுக்கொள்வதுதான் வழமை. அவர் சுகமில்லாமல் படுத்தால் பயிற்சியும் படுத்துவிடும். அப்படி ஒரு தடவை படுத்திருந்தபோது, புதிய பிள்ளையொன்று பிளக் பொயின்ட்டுக்குக் கேட்ட கடைக்கு 1/1.13 வயரை எழுதிக் கொடுத்துவிட்டது. அது மின்குமிழுக்குப் போகும் வயர். பிளக் பொயின்ட்டுக்கு 7/0.67 போட வேண்டும். மெல்லிய வயரில் அயன் பெட்டியும் கேத்தலும் ஓடினால் வயர் சுடும், சுவருக்குள்ளேயே உருகும். நல்லவேளை, லொறியில் ஏற்றும்போது ஸ்டோர்காரர் கண்டுபிடித்தார். விலை பிழைத்தால் எனக்கு நட்டம். இது பிழைத்தால் யாரோ ஒருவரின் வீடு.

நானாவிடம் கேட்டேன். "தம்பி, நான் என்னத்தப் பேசுற, எனக்குப் பேசத் தெரியாவே" என்றார். வேனில் போகும்போது பேசுவதைப் போலப் பேசுங்கள் என்று சொல்லி, தொலைபேசியை எதிரே வைத்தோம். வயர் அளவு, போலி பல்பை அடையாளம் காண்பது, காசோலை திரும்பி வந்தால் கடைக்காரர் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது என்று, ஒவ்வொன்றும் நான்கைந்து நிமிடம். எல்லாம் விலைத்தாள் இருக்கும் அதே இடத்தில் ஒரு கோப்புறையில் இருக்கின்றன. வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் தொலைபேசி மாற்றும்போது போயிருக்கும். பழைய ரெப்மாரும் கடைக்குள் நுழையுமுன் ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள் என்பது நான் எதிர்பாராதது.

இதுவரை தமிழில் 23 பதிவுகள் ஆகியிருக்கின்றன. சிங்களத்தில் 11. மீதியை நோன்புப் பெருநாளுக்கு முன் பேசித் தருவதாக நானா சொல்லியிருக்கிறார்.