பதினாறு ஆட்டத்துக்கு என்ன மதிப்பு?

2012 மே 25 இரவு சேப்பாக்கத்தில் நடந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சென்னை வீரர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அன்றைக்கு அவர்கள் நன்றாக ஆடினார்கள், ஜெயித்தார்கள். அப்படி ஓர் இரவை விதியாக எழுதிவைத்தவர்கள் மேல்தான் என் வயிற்றெரிச்சல் எல்லாம்.

தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழன் நான். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மஞ்சள் சட்டை. எனக்குக் கோட்லா மைதானம். அந்த வருட ஐபிஎல் கிரிக்கெட்டில் எங்கள் தில்லி டேர்டெவில்ஸ் 16 லீக் ஆட்டங்களில் 11-ஐ வென்றது. 22 புள்ளிகள், பட்டியலில் முதலிடம். அந்தப் பட்டியல் எப்படிப்பட்டது தெரியுமா? ஒன்பது அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற எட்டு அணிகளோடும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடி முடித்தது. இவனுக்கு லேசான அட்டவணை, அவனுக்குக் கஷ்டமான அட்டவணை என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. சேவாக் வரிசையாக ஐந்து அரைசதம் அடித்தார். மோர்னே மோர்க்கல் 25 விக்கெட் எடுத்து அந்தத் தொடரிலேயே முதலாவதாக நின்றார். ஏப்ரல், மே வெயிலில் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்த முதலிடம் அது.

நான்காவதாக வந்தது சென்னை. 8 வெற்றி, 7 தோல்வி, ஒன்று கைவிடப்பட்ட ஆட்டம். பெங்களூருக்கும் அதே 17 புள்ளிதான். ரன் விகிதத்தில் முந்தி சென்னை உள்ளே வந்தது.

முதல் தகுதி ஆட்டத்தில், புனேயில், கொல்கத்தாவிடம் 18 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். பரவாயில்லை, முதல் இரண்டு இடத்துக்குத்தான் இரண்டாவது வாய்ப்பு இருக்கிறதே என்றார்கள். அந்த இரண்டாவது வாய்ப்பை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? சேப்பாக்கத்தில். எதிரணி? சென்னை. முந்தைய ஆண்டு சாம்பியனின் ஊரில் இறுதிப்போட்டி என்று ஒரு வழக்கம். அதோடு சேர்த்து இந்த ஆட்டமும் அங்கேயே. போன வருட வெற்றிக்கு மரியாதை உண்டு. இந்த வருடம் முதலிடம் பிடித்தவனுக்குச் சொந்த மைதானம்கூடக் கிடையாது! ஐந்து புள்ளி பின்னால் நின்ற அணியின் வீட்டில் போய், அந்த ஊரே திரண்டு கத்த, வாழ்வா சாவா என்று ஆட வேண்டும். முரளி விஜய் 113 அடித்தார். சென்னை 222. நாங்கள் 136-க்குச் சுருண்டோம். மோர்க்கலை அன்று வெளியே உட்காரவைத்தது எங்கள் அணி நிர்வாகத்தின் மடத்தனம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் மடத்தனம் இரண்டு மாத உழைப்பை அடியோடு அழித்துவிடலாமா? அதற்கு எதற்கு அத்தனை ஆட்டம்?

இருபது ஓவர் ஆட்டத்தில் எவனும் எவனையும் ஒரு நாள் வீழ்த்தலாம். ஒரு ஆள் அரை மணி நேரம் வெளுத்தால் முடிந்தது. 2009-ல் தென்னாப்பிரிக்காவின் செஞ்சுரியனில் கில்கிறிஸ்ட் 35 பந்தில் 85 அடித்து எங்களை அப்படித்தான் அனுப்பிவைத்தார். அப்போதும் நாங்கள்தான் முதலிடம், 14-ல் 10 வெற்றி. அவருடைய டெக்கான் சார்ஜர்ஸ் ஏழு வென்று ஏழு தோற்ற அணி. கோப்பை அவர்களுக்கு. அதிர்ஷ்டத்தை வடிகட்டத்தானே இவ்வளவு நீளமான லீக்? வடிகட்டி முடித்த பிறகு, முடிவை மறுபடியும் அதே அதிர்ஷ்டத்தின் கையில் கொடுப்பது என்ன நியாயம்?

2021-லும் முதலிடம், 10 வெற்றி. துபாயில் சென்னையிடம் தோற்றோம். பிறகு ஷார்ஜாவில் கொல்கத்தா. ஏழு வெற்றியோடு, மும்பையை ரன் விகிதத்தில் முந்தி வந்த அணி. கடைசி ஓவரில் அஸ்வின் அடுத்தடுத்து இரண்டு விக்கெட் எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த பந்து, திரிபாதியின் சிக்ஸர். போனது.

அழுத்தத்தைத் தாங்குபவன்தான் சாம்பியன் என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். வெளியூரில், எதிராளியின் கூட்டத்துக்கு நடுவே வாரக்கணக்கில் ஜெயித்தவன் அழுத்தத்தைத் தாங்காதவனா? இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 38 ஆட்டம் முடிந்ததும் முதலில் நிற்பவன் சாம்பியன். அதன் மேல் ஒரு இறுதிப்போட்டி கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கு விறுவிறுப்பு குறைந்தா போயிற்று? அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஐஎஸ்எல் கால்பந்தில் 2019-20-லேயே லீக்கில் முதலிடம் பிடிப்பவர்களுக்குத் தனிக் கேடயம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

கிரிக்கெட் வாரியத்துக்கும் இது தெரியாமல் இல்லை. பெண்கள் பிரீமியர் லீக்கில் முதலிடம் பிடித்த அணி நேராக இறுதிக்குப் போகலாம் என்று விதி வைத்தது அவர்கள்தானே? அங்கேயும் முதல் மூன்று வருடமும் முதலிடம் எங்கள் பெண்கள்தான். மூன்று இறுதியிலும் தோல்வி. 2024-ல் கோப்பையை வாங்கிப் போன பெங்களூர் அணி லீக்கில் நான்கு வென்று நான்கு தோற்றிருந்தது. 2025-ல் எட்டு ரன்னில் தோற்றோம், அதுவும் மும்பை அணியிடம், மும்பையிலேயே. மெக் லானிங் மூன்று முறையும் தலைவியாக நின்று, மூன்று முறையும் இரண்டாம் பரிசுக்கு மேடை ஏறினார். அதைப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

ஐபிஎல்லில் அதிக ரன்னுக்கு ஆரஞ்சுத் தொப்பி, அதிக விக்கெட்டுக்கு ஊதாத் தொப்பி, நன்னடத்தைக்குக்கூட ஒரு விருது. பட்டியலில் முதலிடத்துக்கு மட்டும் ஒரு கோப்பையும் இல்லை.

இறுதிப்போட்டியை ரத்துசெய்யச் சொல்லவில்லை. தொலைக்காட்சிப் பணம் அதில்தான் இருக்கிறது என்பது எனக்கும் புரிகிறது. முதலிடத்துக்குத் தனிக் கேடயம் வையுங்கள். நாக்-அவுட்டில் அந்த அணி ஆடும் ஆட்டத்தை அதன் ஊரில் நடத்துங்கள். இனி வருபவர்களுக்கு மட்டும் என்றால் நான் ஒப்ப மாட்டேன். 2009-க்கும், 2012-க்கும், 2021-க்கும் சேர்த்துக் கொடுங்கள். சேவாக்கைக் கூப்பிடுங்கள், 2021-ல் தலைவராக நின்ற ரிஷப் பந்த்தைக் கூப்பிடுங்கள், கோட்லாவில் வைத்து எங்கள் கண் முன்னால் கொடுங்கள்.