மெங்குடு: கோழிக்கு உணவல்ல, துணை

நம் நாட்டின் கடலோரக் கம்பங்களில் யாரும் நடாமலே வளரும் மரம் மெங்குடு. நுணா இனத்தைச் சேர்ந்த இதன் பழத்தை நோனி என்ற பெயரில் புட்டிகளில் அடைத்து விற்கிறார்கள். விதைக்குள் காற்றறை இருப்பதால் அது கடலில் மிதந்து கரை சேர்ந்து முளைக்கும். ஆனால், பழுத்தால் வீசும் கடும் நாற்றத்தால் பெரும்பாலான பழங்கள் மரத்தடியிலேயே அழுகிப் போகின்றன.

இந்தப் பழத்தைக் கோழித் தீவனத்தில் சேர்ப்பது பற்றி இந்தோனேசியா உட்படச் சில நாடுகளில் ஆய்வுகள் நடந்துள்ளன. இது நமக்கும் தேவையான ஆய்வுதான். கோழி வளர்ப்புச் செலவில் ஏறத்தாழ 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. தீவனச் சோளமும் சோயாவும் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன. 2022இல் கோழி விலையும் தட்டுப்பாடும் முற்றியபோது, ஜூன் 1 முதல் அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்தியதை யாரும் மறந்திருக்க முடியாது.

அப்படியானால் சோளத்துக்குப் பதில் மெங்குடுவைப் போடலாமா? முடியாது. பழத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு நீர், புரதமும் குறைவு. அதை நம்பித் தீவனத்தைக் குறைத்தால் கோழி மெலியும்.

அதன் பயனை வேறிடத்தில் தேட வேண்டும். கோழிகள் விரைவாக வளரவும் நோயின்றி இருக்கவும் தீவனத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைக் கலக்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. இதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கப்படும் கோலிஸ்டின் மருந்தைத் தீவனத்தில் சேர்க்க மலேசியா 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. அந்த இடத்தை நிரப்பத் தாவரங்களை ஆராய்கிறார்கள். மெங்குடுவில் உள்ள ஸ்கோபோலெட்டின் போன்ற சேர்மங்கள் ஆய்வுக்கூடத்தில் சில பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் ஆய்வுக்கூடத் தட்டு வேறு, கோழியின் குடல் வேறு.

ஒரு கணக்குப் பார்ப்போம். வளர்ந்த 100 கோழிகள் நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ தீவனம் தின்னும். அதில் 1 விழுக்காடு மெங்குடுத் தூள் என்றால் 100 கிராம். அதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழம் வேண்டும். கம்பத்தில் கோழி வளர்ப்பவருக்கு இது எட்டக்கூடிய அளவுதான். உலர்த்துவதுதான் சிக்கல். நம் ஈரக் காற்றில் சரியாகக் காயாத தூளில் பூஞ்சணம் பிடித்தால், மருந்தாக நினைத்துப் போட்டதே நஞ்சாகிவிடும்.

எனவே "இயற்கையானது, கேடில்லை" என்று காணொளியில் யாரோ சொன்னதை நம்பிச் சிறு வளர்ப்பாளர் தம் கோழிகளைப் பணயம் வைக்கக் கூடாது. சோதித்துப் பார்க்கும் பொறுப்பை வேளாண்மை, உயிரியல் பயிலும் நாம் ஏற்க வேண்டும். ஒரே வயதுக் குஞ்சுகளை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு வழக்கமான தீவனமும் மற்றொன்றுக்குத் தூள் கலந்த தீவனமும் கொடுத்து, எடை, தின்ற அளவு, இறப்பு ஆகியவற்றை வாரந்தோறும் பதியலாம். மேற்பார்வைக்கு விரிவுரையாளரும் கால்நடை மருத்துவரும் இருக்கட்டும். வேறுபாடு எதுவும் தெரியாவிட்டால் அதையும் மறைக்காமல் வெளியிட வேண்டும். அந்த முடிவும் கோழி வளர்ப்பவரின் பணத்தை மிச்சப்படுத்தும்.