கோட்டையைக் காத்தவரும் கூட இருந்தவர்களும்

போர்க்காலத்தில் நிகழும் துரோகத்தை ஒரு சமூகம் எந்த மன்றத்தில் வைத்து விசாரிக்கிறது என்பது, அச்சமூகத்தின் வரலாற்றுணர்வை அறிய உதவும் கேள்வி. 1940 முதல் 1945 வரை ஜெர்மனியின் பிடியில் இருந்த நார்வே, எதிரியோடு கைகோத்து ஆட்சி நடத்திய விட்குன் குவிஸ்லிங்கை விடுதலைக்குப் பின் வழக்குமன்றத்தில் நிறுத்தி, 1945 அக்டோபரில் மரண தண்டனையை நிறைவேற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் அப்படி ஒரு மன்றம் இல்லாததால், அந்தப் பொறுப்பைக் கதைப்பாடல் ஏற்றுக்கொண்டது. ஒரு வீரரின் வாழ்வையும் வீழ்ச்சியையும் ஊர் கூடியிருக்கும் இடத்தில் தொடர்கதையாகப் பாடும் வாய்மொழி இலக்கியமே கதைப்பாடல் எனப்படுகிறது. அவ்வகையில் பிறந்த ‘கான்சாகிபு சண்டை’ மதுரைச் சீமைக்குரியதாகவே கருதப்பட்டாலும், அதன் நாயகருடைய வாழ்வின் முக்கியமான பகுதியொன்று செங்கல்பட்டில் நிகழ்ந்தது.

வேடந்தாங்கல் ஏரியிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், இன்று ரயில் பாதை ஊடறுத்துச் செல்லும் செங்கல்பட்டுக் கோட்டை, 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து அரிசியும் வெடிமருந்தும் வடக்கே வந்தாக வேண்டிய நிலையில், வழியிலிருந்த இக்கோட்டையைப் பிடிக்காமல் லாலி கடந்து சென்றது பெரும் பிழையாயிற்று. கோட்டையில் இருந்த கேப்டன் பிரஸ்டனும், கம்பெனியின் இந்தியச் சிப்பாய்களுக்குத் தலைவராக இருந்த யூசுப் கானும் முற்றுகைப் படையைப் பின்புறமிருந்து ஓயாமல் தாக்கி, அதற்கு வரும் பொருள்களை மறித்தனர். விரட்டினால் கலைந்து மறுநாள் வேறோர் இடத்தில் தோன்றும் இந்தப் போர்முறையை லாலியின் படையால் சமாளிக்க முடியவில்லை. 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் கடும் சண்டை நடந்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் சென்னையை அடைந்ததும் பிப்ரவரி 17 அன்று லாலி முற்றுகையைக் கைவிட்டார்.

இந்த யூசுப் கானே மக்கள் வழக்கில் மருதநாயகம் என்றும் கும்மந்தான் கான்சாகிபு என்றும் அறியப்படுபவர். கமாண்டன்ட் என்ற படைப்பதவியின் பெயர் தமிழ் நாவில் கும்மந்தான் ஆயிற்று. இராமநாதபுரம் சீமையின் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது மரபுவழிச் செய்தி. போர்த்துக்கீசிய வழிவந்தவராகக் கூறப்படும் மாசா என்ற பெண்ணை அவர் மணந்தார். 1759இல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகையில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம் அவரிடம் வந்தது. பாளையக்காரர்களைக் கடுமையாக ஒடுக்கிய அதே கையால் அவர் ஏரிகளையும் கால்வாய்களையும் சீரமைத்தார். அவருடைய செல்வாக்கு வளர்வதைக் கண்டு ஆர்க்காட்டு நவாப் முகமது அலி அஞ்சினார். கம்பெனியும் நவாபின் பக்கம் சாய்ந்தபோது, யூசுப் கான் இருவரையும் எதிர்த்து நின்றார்.

மதுரையை முற்றுகையிட வந்த படையில், செங்கல்பட்டில் அவரோடு தோள் சேர்ந்து போரிட்ட பிரஸ்டனும் இருந்தார் என்பது இவ்வரலாற்றின் மிகக் கொடிய திருப்பம். 1764 ஜூன் 26 அன்று நடந்த பெருந்தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அதில் பட்ட காயத்தால் பிரஸ்டன் உயிரிழந்தார். பீரங்கியால் வீழாத மதுரை, வழிகள் அடைபட்டு உணவு அரிதானதும் உள்ளிருந்து தளர்ந்தது. அக்டோபர் 13 அன்று திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிப், பிரெஞ்சு அதிகாரி மார்ச்சந்த் ஆகியோர் கூடி, தொழுகையில் இருந்த யூசுப் கானைப் பிடித்து, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினர் என்று கூறப்படுகிறது. 15ஆம் தேதி நவாபின் ஆணைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார்.

இதற்குப் பின்னர் நடந்தவற்றை வாய்மொழி மரபு தன் போக்கில் வளர்த்தது. கயிறு இருமுறை அறுந்தது என்றும், மீண்டு வந்துவிடுவார் என்ற அச்சத்தால் உடல் கூறாக்கப்பட்டுத் திசைக்கொன்றாக அனுப்பப்பட்டது என்றும் மக்கள் சொன்னார்கள். எஞ்சிய உடல் அடக்கமான மதுரைச் சம்மட்டிபுரத்தில் 1808இல் பள்ளிவாசல் எழுந்தது. சாகாவரம் பெற்றவர்போல அவரைக் காட்டும் இக்கதைகளில் அடங்கியிருப்பது, தீர்ப்பை ஏற்க மறுத்த மக்களின் மறுவிசாரணை.

எனினும் இந்த விசாரணை காட்டிக்கொடுத்த மூவரோடு நின்றுவிடுவது போதாது. செங்கல்பட்டு அத்தியாயத்தைச் சேர்த்துப் படிக்கும்போதுதான், தன்னைக் காத்தவரையே வேண்டாதபோது நவாபிடம் விட்டுக்கொடுத்த கம்பெனியின் துரோகம் முழுமையாகத் தெரிகிறது. சிறு மகனோடு கைவிடப்பட்ட மாசாவைப் பற்றி ஆவணங்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த அநீதியும் இதே கணக்கில் சேர வேண்டும்.

பறவைகளைச் சுடும் சிப்பாய்களிடமிருந்து ஏரியைக் காக்க 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் வேடந்தாங்கல் மக்கள் ஆணை பெற்றதைச் செங்கல்பட்டு மாவட்டம் உரிய பெருமையோடு நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் கம்பெனியைக் காத்து, பின்னர் அதே கம்பெனியால் கைவிடப்பட்டவரின் வரலாறும் இம்மாவட்டப் பிள்ளைகளின் பாடத்தில் இடம்பெறுவதே நியாயம். கோட்டையின் கதையை வெற்றியோடு நிறுத்துவது, 1764இல் செய்யப்பட்ட துரோகத்துக்கு இன்றும் துணைபோவதாகவே அமையும்.