கால் எழுதும் கடைசிக் கடிதம்

ஆபீஸ் போகும் ஆசாமிகளில் பாதிப் பேருக்குத் தங்கள் கால் எப்படி இருக்கும் என்றே தெரியாது. தலையில் நாலு முடி உதிர்ந்தால் நாட்டு வைத்தியம், இங்கிலீஷ் வைத்தியம் இரண்டும் நடக்கும். முகத்தில் ஒரு பரு வந்தால் வீடே ரெண்டுபடும். கால்? காலையில் சாக்ஸுக்குள் போனால் ராத்திரிதான் வெளியே வரும். அதையும் யாரும் பார்ப்பதில்லை, முகர்ந்துவிட்டு ஓடுவதோடு சரி!

அந்தக் காலைப் பற்றித்தான் இந்த வாரம். காலைப் பார்த்தே கல்லீரல் கெட்டிருப்பதைச் சொல்லிவிடலாம் என்று இப்போது ஆளாளுக்கு ஜோசியம் சொல்கிறார்கள். உண்மையா? உண்மைதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எங்கள் கண்டமங்கலம். விழுப்புரம் மாவட்டம்தான், ஆனால் மெயின் ரோட்டில் கிழக்கே போனால் அரியூர், மேற்கே போனால் திருபுவனை. இரண்டுமே புதுச்சேரி. அதாவது எந்தப் பக்கம் திரும்பி நடந்தாலும் வேறு மாநிலம், வேறு விலைப்பட்டியல். 'தாகம்' எடுத்தவருக்குத் திசை ஒரு பிரச்னையே இல்லை. இந்த ரோட்டின் டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது:

"இன்னா மாமா, ரெண்டு காலும் வீங்கிக் கெடக்கு?"

"பஸ்ல நின்னுகினே வந்தேம்ப்பா."

"யானைக்காலா இருக்கப்போவுது, பாத்துக்க."

"அட, வெறும் நீருப்பா. மெடிக்கல்ல ஒரு மாத்திர குடுத்தாங்க. போட்டா எல்லாம் ஒண்ணுக்காப் போயிடுமாம்."

நாலே வரியில் மூன்று நோய் முடிவு, ஒரு மருந்துச் சீட்டு. டாக்டர் மட்டும்தான் பாக்கி!

யானைக்கால் பயம் சும்மா வந்ததில்லை. இந்த வட்டாரம் அந்தக் கொசுவுக்குப் பழைய ஊர். புதுச்சேரியில் 1975-லேயே கொசு முதலான பூச்சிகளால் பரவும் நோய்களுக்கென்று மத்திய அரசு ஆராய்ச்சி மையம் தொடங்கியது. 1981-ல் யானைக்காலை ஒழிக்கவென்றே நகரத்தில் கொசு ஒழிப்புத் திட்டம் நடத்தினார்கள். ஆனால் யானைக்கால் பெரும்பாலும் ஒரு காலில் கூடுதலாக இருக்கும். நாளாக நாளாகத் தோல் தடித்து, அழுத்தினாலும் குழி விழாது. கல்லீரல் வீக்கம் அப்படியில்லை. இரண்டு காலிலும் சமமாக வரும். அழுத்தினால் மாவில் விரல் வைத்த மாதிரி குழியும்.

சோதிக்கக் காசு வேண்டாம். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னங்கால் எலும்பின் மீது, கட்டை விரலால் பதினைந்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி அப்படியே நின்றால் அங்கே நீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். (சாக்ஸ் ரப்பர் போட்ட கோட்டைப் பார்த்து உயில் எழுத உட்கார வேண்டாம். அது எல்லாருக்கும் விழும்.)

கல்லீரல் கெட்டால் கால் ஏன் வீங்க வேண்டும்? நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். கல்லீரல் ஒன்றரை கிலோ எடையுள்ள ஒரு தொழிற்சாலை. அது தயாரிக்கும் சரக்குகளில் ஒன்று ஆல்புமின் என்ற புரதம். ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் வேலை. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கினால் உற்பத்தி குறையும், தண்ணீர் வெளியே கசியும். குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தத்துக்கு வழி அடைபட்டு அழுத்தம் ஏறும். சிறுநீரகம் குழம்பிப்போய் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பதுக்க ஆரம்பிக்கும். பதுக்கிய சரக்கு வயிற்றில் சேர்ந்தால் மகோதரம். காலில் இறங்கினால் வீக்கம்.

காலில் வேறு தகவல்களும் உண்டு. சொறி சிரங்கு எதுவும் இல்லாமல் உள்ளங்காலும் உள்ளங்கையும் ராத்திரியில் அரித்தெடுத்தால், பித்தநீர் சரியாக வடியவில்லை என்று பொருளாக இருக்கலாம். (நிறைமாத மனைவி இப்படிச் சொன்னால் 'கொசு கடிச்சிருக்கும்' என்று திரும்பிப் படுக்காதீர்கள். மறுநாளே டாக்டரிடம் போங்கள்.) தூக்கத்தில் கெண்டைக்கால் பிடித்திழுப்பது, தொடைச் சதை கரைவது, அடிபடாமலே ரத்தம் கன்றுவது, முன்னங்காலில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள்... இவையும் பட்டியலில் உண்டு. நாள்பட்டுக் குடிப்பவருக்கு உள்ளங்கால் எரிவது நரம்பு கெட்டதால்.

உடனே பீதி வேண்டாம். இவற்றில் எதுவும் கல்லீரலுக்கு மட்டும் பட்டா போட்டது இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் தொங்கவிட்ட கால் வீங்கும். இதயம், சிறுநீரகம் கெட்டாலும் வீங்கும். பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையாலும் வீங்கும். சர்க்கரை நோயாளிக்கும் பாதம் எரியும். ஒரே கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். இந்தப் பத்திரிகையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இப்போது, முன்பு சொன்ன சிக்கல். கல்லீரல் மகா பொறுமைசாலி. உள்ளே வலியை உணரும் நரம்பு கிடையாது. பாதி கெட்ட பிறகும் மீதியை வைத்துக் கடையை நடத்தும். ஆகையால் கல்லீரலால் கால் வீங்கும்போது நோய் ஆரம்பிக்கவில்லை, முற்றிவிட்டது. கால் வீக்கம் என்பது கல்லீரல் எழுதும் முதல் கடிதமில்லை. வக்கீல் நோட்டீஸ்! ஆகவே, 'என் காலில் ஒன்றுமில்லையே' என்று சந்தோஷப்படுவதற்கும் அர்த்தம் கிடையாது.

அப்படி நோட்டீஸ் வந்த நேரத்தில்தான் மெடிக்கல் ஷாப் மாத்திரை. நீரை இறக்கும் மாத்திரையை அளவு தெரியாமல் போட்டால் உடம்பின் உப்புக் கணக்கு புரண்டு, கல்லீரல் நோயாளிக்குப் புத்தியே தடுமாறும். கூடவே கால்வலிக்கு ஒரு 'செட்' மாத்திரை. அதிலிருக்கும் வலி நிவாரணி சிறுநீரகத்தையும் சேர்த்துக் கவிழ்க்கும்.

கீழாநெல்லி? நம்ம ஊர் நம்பிக்கையை நான் கிண்டல் செய்யமாட்டேன். சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானி எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய புளும்பர்க்குடன் சேர்ந்து 1988-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சாதாரண மஞ்சள் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும். பேர் வாங்குவது இலை. சுருங்கிய ஈரல் அப்படித் தானாக இறங்காது. இலையை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள்தான் நஷ்டம்.

"நமக்கு பீர் மட்டும்தாம்ப்பா, ஹாட்டெல்லாம் தொடறதில்ல" என்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 650 மில்லி பீரில், 5 சதவீதம் என்றால், சுமார் 26 கிராம் சாராயச் சத்து. 60 மில்லி பிராந்தியில் சுமார் 20 கிராம்தான். பாட்டிலில் 8 சதவீதம் என்று போட்டிருந்தால் 41 கிராம். அதாவது இரண்டு லார்ஜ். கல்லீரல் நுரையைப் பார்ப்பதில்லை, கிராமைத்தான் பார்க்கிறது.

குடிக்காதவரும் காலரைத் தூக்கிவிட வேண்டாம். தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்து ஈரலில் கொழுப்பேற்றும். அரசாங்கமே 2021-ல் இதைத் தன் தொற்றாநோய்த் திட்டத்தில் சேர்த்தது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ஆளைப் பார்த்து வருவதில்லை. பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. சி-யை மாத்திரையாலேயே குணப்படுத்தலாம். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இவற்றுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

ஆகவே, கால் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். குடிப்பவர், தொப்பைக்காரர், சர்க்கரைக்காரர், வீட்டில் யாருக்காவது ஈரல் நோய் இருப்பவர்... நீங்களே டாக்டரிடம் போய், ரத்தத்தில் கல்லீரல் சோதனையும் வயிற்றுக்கு ஒரு ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள். ஆரம்பத்தில் தெரிந்தால் கல்லீரல் மாதிரி பெருந்தன்மையான உறுப்பு கிடையாது. குடியை நிறுத்தி, எடையைக் குறைத்தால் பழசையெல்லாம் மறந்து சீராகிக் கொள்ளும்.

விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "இல்ல சார், நமக்குப் பாண்டி பஸ்ஸில் ஏறித்தான் பழக்கம்" என்கிறீர்களா? தாராளமாக ஏறுங்கள். நடுவில் எங்கும் இறங்காமல் நேரே ஜிப்மர் போய்ச் சேருங்கள்!